நாய்க்குப் பாடம் சொல்வது யார்? விடுதியா, வீட்டுக்கு வரும் பயிற்சியாளரா, நாமேவா?

நாய்க்குட்டி குட்டியாக இருக்கும்வரை யாரும் பயிற்சியைப் பற்றிப் பேசுவதில்லை. செருப்பைக் கவ்வினால் சிரிக்கிறோம், மேலே தாவினால் கொஞ்சுகிறோம். ஆறாவது மாதத்தில் அதே குட்டி இருபது கிலோவாகி, ஊரிலிருந்து வந்த பெரியப்பாவின் வெள்ளை வேட்டியில் இரண்டு முன்னங்கால்களையும் பதித்து நிற்கும் அன்றுதான், “இதை எங்கேயாவது பயிற்சிக்கு விட வேண்டும்” என்ற பேச்சு எழுகிறது. அப்படிப் பேச்செடுக்கும் ஒரு தமிழ்நாட்டு நகரத்துக் குடும்பத்தின் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. நாயை ஒன்றிரண்டு மாதம் கென்னல் எனப்படும் நாய் விடுதியில் தங்கவிட்டு, பயிற்சி முடிந்ததும் அழைத்து வரலாம். வாரம் சில நாட்கள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரை அமர்த்தலாம். இல்லையென்றால், காணொளிகளைப் பார்த்தோ விவரம் தெரிந்தவரைக் கேட்டோ நாமே சொல்லிக்கொடுக்கலாம்.

அடிப்படைப் பயிற்சி என்று நான் இங்கே சொல்வது ஐந்தே பாடங்களைத்தான்: சொன்னதும் உட்காருவது, எழச் சொல்லும்வரை அதே இடத்தில் இருப்பது, கூப்பிட்டால் வருவது, வாயில் கவ்வியதை விடுவது, சங்கிலியை இழுக்காமல் கூட நடப்பது. கை கொடுப்பதும் உருண்டு காட்டுவதும் விருந்தாளிகளுக்கான கச்சேரி. அதற்குப் பணம் செலவழிப்பது அவரவர் விருப்பம். இந்த ஐந்தோ, கேட் திறந்திருக்கும் நேரத்தில் சாலையை நோக்கிப் பாயும் நாயையும், குப்பையில் கிடந்த கோழி எலும்பைக் கவ்விய நாயையும் காப்பாற்றக்கூடியவை. ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும், அந்த வழியில் கற்ற நாய் நம் வீட்டு வாசலில், நம் குரலுக்கு, நாம் எதிர்பாராத நேரத்தில் இவற்றைச் செய்யுமா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று வழிகளையும் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே பார்த்துவிட்டேன். அண்ணன் வீட்டு லேப்ரடார் விடுதிக்குப் போய் வந்தது. எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு ஆறு வாரம் ஒரு பயிற்சியாளர் வந்தார். சித்தப்பா தன் சிப்பிப்பாறை இன நாய்க்கு யாரையும் நாடாமல் தானே பாடம் எடுத்தார். வீட்டுக்கு வந்து, நாயைவிட நமக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் கிடைத்தால் அதுவே நல்ல வழி என்பதும், விடுதி மிகச் சில சூழ்நிலைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதும் என் கருத்து. அந்தக் கருத்துக்கு வந்த காரணங்களைத்தான் கீழே எழுதுகிறேன்.

விடுதியில் விடுவது

விடுதியின் கவர்ச்சி எளிதில் புரியக்கூடியது. வேலைக்குப் போகும் கணவன் மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், மாடியில் வாடகை வீடு என்று இருப்பவர்களிடம் “45 நாள் விட்டுவிடுங்கள், தயாராக்கித் தருகிறோம்” என்று ஒருவர் சொன்னால் அது வரமாகத்தான் கேட்கும். அண்ணனும் அப்படித்தான் விட்டார். அழைத்துவரப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். மணல் பரப்பிய ஒரு முற்றத்தில் பயிற்சியாளர் நின்றுகொண்டு ‘சிட்’ என்றதும் நாய் உட்கார்ந்தது. ‘ஸ்டே’ என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு இருபது அடி தள்ளிப் போய்த் திரும்பி நின்றார், அது அசையவே இல்லை. அண்ணன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிட்டார். மூன்றாவது நாள் மாலை, வீட்டுக் கூடத்தில், கையில் காபி தம்ளரோடு அண்ணி ‘சிட்’ என்றார். நாய் அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. ஐந்தாவது முறை குரலை உயர்த்திச் சொன்னபோது, விளையாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்துச் சோபாவில் ஏறியது.

பணம் வீண் என்று அண்ணன் புலம்பினாலும், அங்கே நாய் எதையும் கற்காமல் வரவில்லை. அது கற்றது ‘சிட்’ என்ற ஒலியை மட்டுமாக இல்லாமல், அந்த மணல் தரை, அந்த மனிதர் நிற்கும் விதம், அவர் வலக்கையில் சுருட்டிப் பிடித்த சங்கிலி, சாப்பாட்டுக்கு முந்தைய பசி நேரம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு முழுக் காட்சியாக இருந்தது. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குத் தானாகப் பொருத்திக்கொள்வதில் மனிதக் குழந்தை அளவுக்கு நாய் தேர்ந்தது இல்லை. கூடத்தில் உட்காரக் கற்ற நாய்க்கு மொட்டை மாடியில் மறுபடி சொல்லித்தர வேண்டும், மாடியில் கற்றதைத் தெருவில் மீண்டும் தொடக்கத்திலிருந்து பழக்க வேண்டும். இடம் மாறினாலே இப்படி என்றால், இடம், ஆள், குரல், கை அசைவு நான்கும் ஒரே நாளில் மாறும்போது நாய் விழிப்பதில் வியப்பில்லை.

விடுதிக்காரர்களில் சிலர் தங்களைக் காவல்துறை, ராணுவ மோப்ப நாய்ப் பிரிவின் பாணியில் பயிற்சி தருபவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பாணியை உண்மையிலேயே எடுத்துக்கொண்டால் அது விடுதி முறைக்கு எதிரான சான்றாகவே நிற்கிறது. குவாலியர் அருகே டேகன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையத்திலும், மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படைப்பிரிவின் மையத்திலும் நாயோடு அதைக் கையாளப்போகும் காவலரோ வீரரோ சேர்ந்தே பயிற்சி பெறுகிறார். பயிற்சி முடிந்ததும் இருவரும் ஒரே இணையாகப் பணிக்குத் திரும்புகிறார்கள். தொழில்முறை நாய்களுக்கே ஆளையும் நாயையும் பிரிக்காமல் பாடம் எடுக்கும்போது, வீட்டு நாயை மட்டும் பிரித்தெடுத்துப் பழக்கி, பழக்கமற்ற ஆட்களின் கையில் ஒப்படைப்பது எப்படிப் பலன் தரும்?

இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை, அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாமல் போவது. பத்து நாட்களுக்கு ஒருமுறை வாட்ஸப்பில் வரும் முப்பது விநாடிக் காணொளியில் நாய் சரியாகச் செய்வது தெரியும்; அதற்கு முந்தைய அரைமணி நேரம் தெரியாது. இந்தியாவில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்தச் சான்றிதழும் கட்டாயம் இல்லை என்பதால், கழுத்தை இறுக்கும் சோக் செயினையும் அதட்டலையும் மட்டுமே நம்பும் ஒருவரிடம் நாய் சிக்கிக்கொண்டாலும் நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. “நீங்கள்தான் கூட்டத் தலைவன் என்று அதற்குக் காட்ட வேண்டும்” என்று இவர்கள் சொல்லும் தத்துவம், 1947இல் ருடால்ஃப் ஷென்கல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சி சாலையில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளைத்தது. பிற்பாடு அந்தக் கருத்தைப் பரப்பிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் தாயும் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான், தலைமைக்குச் சண்டையிடும் கும்பல் இல்லை என்று 1999இல் எழுதித் திருத்திக்கொண்டார். திருத்தம் வந்து கால் நூற்றாண்டு ஆகியும் நம் ஊர்க் கென்னல்களில் ஓநாய் இன்னும் பழைய ஓநாயாகவே இருக்கிறது.

அடித்துப் பழக்குவதும் தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதும் ரசனை சார்ந்த விஷயம் என்று நினைப்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், தண்டனை சார்ந்த பயிற்சிப் பள்ளிகளில் படித்த நாய்கள் பயிற்சியின்போது கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல் போன்ற மன அழுத்தக் குறிகளை அதிகம் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் அளவும் கூடுதலாக உயர்ந்திருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூப்பிட்டால் வராத 63 நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். கழுத்தில் மின்னதிர்ச்சிப் பட்டை போட்டுப் பழக்கிய நாய்களைவிடப் பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களே ‘வா’, ‘உட்காரு’ என்ற கட்டளைகளுக்குக் குறைந்த முறை சொல்லிலேயே கீழ்ப்படிந்தன. இரக்கத்தைப் பற்றிப் பேசாமல் வேலை நடப்பதை மட்டும் பார்த்தாலும் கணக்கு இப்படித்தான் வருகிறது. மின்பட்டையை வேல்ஸ் நாடு 2010இலேயே தடை செய்துவிட்டது. நம் ஊரிலோ அது இணையக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

உடல்நலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல வீட்டு நாய்கள் ஒரே கூரையின்கீழ் தங்கும் இடத்தில் கென்னல் இருமல் என்ற தொற்று இருமல் எளிதில் பரவும்; உண்ணி ஒழிப்பில் அசட்டையாக இருக்கும் இடத்திலிருந்து திரும்பும் நாய் உண்ணிக் காய்ச்சலோடு வருவதுண்டு. அண்ணன் வீட்டு நாய் காதுக்குள் கொத்தாக உண்ணிகளோடுதான் வந்தது. பயிற்சி நேரம் போக மீதி நேரம் முழுவதும் கூண்டிலேயே கிடக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதுமான அளவு நடக்கவிடாமல் இருப்பதை, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தன் 11ஆவது பிரிவில் குற்றமாகவே வைத்திருக்கிறது. இது விடுதிக்கு மட்டும் சொன்னதில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நாயைக் கட்டிப்போட்டிருக்கும் நம் வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவு சொன்னாலும் விடுதி முற்றிலும் வேண்டாத வழி என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை, நாயை எப்படியும் சில வாரங்கள் வெளியே தங்கவிட வேண்டும் என்ற நிலையில், சும்மா தங்குவதற்குப் பதிலாக நல்ல கையில் பயிற்சியோடு தங்கினால் லாபம்தான். அப்போதும் இரண்டு நிபந்தனைகளைப் பேசிக்கொள்ள வேண்டும்: சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளிலும் வந்து பார்க்க அனுமதி வேண்டும்; கடைசி வாரத்தில் குடும்பத்தார் அங்கே வந்தும், அதற்கடுத்த வாரத்தில் பயிற்சியாளர் நம் வீட்டுக்கு வந்தும் பாடத்தைக் கைமாற்றித் தர வேண்டும். முதல் நிபந்தனைக்கே முகம் சுளிப்பவரிடம் இரண்டாவதைப் பேசத் தேவை இருக்காது.

வீட்டுக்கு வரும் பயிற்சியாளர்

வாரம் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று ஒரு பயிற்சியாளர் வந்தால், நான்கு வாரத்தில் அவர் நாயோடு இருப்பது 9 மணி நேரம். ஒரு மாதத்துக்கு 720 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மீதி 711 மணி நேரமும் நாய் நம்மிடம்தான் இருக்கிறது. அந்த 711 மணி நேரத்திலும் அது கற்றுக்கொண்டேதான் இருக்கிறது. மேசைக்கு அடியில் யார் தோசைத் துண்டு போடுகிறார்கள், எவ்வளவு குரைத்தால் கதவு திறக்கிறது, யாரிடம் தாவினால் கொஞ்சல் கிடைக்கிறது என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாமலே அதற்குப் பாடம் எடுக்கிறார்கள். ஆகவே ஒன்பது மணி நேரக்காரர் நாய்க்குச் சொல்லித்தருவதைவிட, 711 மணி நேரக்காரர்களுக்குச் சொல்லித்தருவதில்தான் அவருக்குக் கொடுக்கும் பணம் செரிக்கிறது.

வீட்டுக்கு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் வந்ததும் சங்கிலியை வாங்கிக்கொண்டு நாயைத் தெருமுனைக்கு அழைத்துப் போவார். நாம் உள்ளே வேலையைப் பார்ப்போம். முக்கால் மணி கழித்துத் திரும்ப ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுப்பார். இது சக்கரம் வைத்த விடுதி, அவ்வளவுதான். இன்னொரு வகையினர் சங்கிலியை நம் கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று நம்மைத் திருத்துவார்கள். எங்களுக்கு வாய்த்தவர் இரண்டாம் வகை. முதல் நாள் அவர் நாயைத் தொடவே இல்லை. வேகவைத்த கோழித் துண்டை அரை விரல்நகம் அளவுக்குக் கிள்ளி வைக்கச் சொன்னார். ஒரு துண்டை நாயின் மூக்குக்கு நேராகப் பிடித்து, அப்படியே மெல்ல அதன் நெற்றிக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். மூக்கு மேலே எழ எழ, பின்பகுதி தானாகத் தரையில் இறங்கியது. இறங்கிய அந்த நொடியில் “சபாஷ்” என்று சொல்லித் துண்டைக் கொடுக்க வேண்டும். நான் கையை வேகமாக உயர்த்தினேன், நாய் எம்பிக் குதித்தது; “கை மூக்கை விட்டுப் பிரியக்கூடாது சார், பிசின் ஒட்டினமாதிரி போகணும்” என்றார். அடுத்த முறை அது உட்கார்ந்தது, ஆனால் நான் மகிழ்ச்சியில் இரண்டு நொடி தாமதித்தேன். அதற்குள் எழுந்து நின்றுவிட்டது, எழுந்த பிறகு துண்டைக் கொடுத்தேன். “இப்ப நீங்க எழுந்திருக்கறதுக்குக் கூலி கொடுத்துட்டீங்க” என்று சிரித்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருடைய முதல் மாதக் கட்டணம் தகும். செயலுக்கும் பரிசுக்கும் இடையே ஒரு நொடிக்கு மேல் போனால் நாய்க்குக் கணக்கு மாறிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மேரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940களில், சரியான நொடியில் ‘இதுதான்’ என்று குறித்துக் காட்டும் ஓர் ஒலியை முதலில் எழுப்பி, தீனியைப் பிறகு கொடுக்கும் முறையைப் பரப்பியதும் இந்தச் சிக்கலுக்காகத்தான். இன்றைக்குக் கடையில் விற்கும், அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் அந்த வழியில் வந்ததே. எங்கள் வீட்டில் “சபாஷ்” போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ‘வா’ என்ற பாடம் வந்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. அதுவரை நாங்கள் நாயை ‘வா’ என்று கூப்பிட்ட தருணங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னார். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, மாடி விளையாட்டை முடித்துக் கட்டிப்போட, செருப்பைப் பிடுங்கித் திட்ட என்று எழுத எழுத எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ‘வா’ என்றால் நல்ல நேரம் முடிந்தது என்று நாய் சரியாகவே புரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம், ‘வா’ என்று கூப்பிட்டால் தின்ன ஏதாவது கிடைக்கும், பிறகு மறுபடி விளையாடப் போகலாம் என்ற ஏற்பாட்டை மீறவே இல்லை. குளிப்பாட்ட வேண்டுமானால் நாங்களே நடந்துபோய் அழைத்துவந்தோம். இப்படிப்பட்ட பிழை விடுதியில் தெரிய வராது, ஏனென்றால் பிழை செய்யும் ஆட்கள் அங்கே இருப்பதில்லை.

இந்த வழியின் இடைஞ்சலும் இங்கேதான். பயிற்சியாளர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவர் சொன்னதை அவர் இல்லாத நாட்களில் செய்ய வேண்டும். சிறு நகரங்களில் நல்லவர் கிடைப்பதும் கடினம். கிடைத்தவர் முதல் வகையா இரண்டாம் வகையா என்பது வந்த பிறகுதான் தெரிகிறது. அமர்த்தும் முன் அவர் இன்னொரு வீட்டில் எடுக்கும் பாடத்தை ஒருமுறை பார்க்கக் கேட்பது நல்லது. நாய் சொன்னதைச் செய்தால் என்ன செய்வீர்கள், செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு, இரண்டாவதற்கு வரும் பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். “பாடத்தை இன்னும் எளிதாக்குவேன்” என்பவரை அமர்த்தலாம். “கேட்காமல் எங்கே போகும்?” என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

நாமே சொல்லிக்கொடுப்பது

சித்தப்பாவின் சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்ந்த இனத்தின் வாரிசு. எதிரில் ஏதாவது ஓடினால் காது அடைத்துவிடும். லேப்ரடாரைப்போல வயிற்றால் அதை வெல்ல முடியாது. ஹார்டுவேர் கடையில் நாற்பதடி பருத்திக் கயிறு வாங்கி, கழுத்துப் பெல்ட்டில் கட்டி, ஊர்க் கண்மாய்க் கரையில் விட்டு, கயிற்றின் மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் கூப்பிட்டுப் பழக்கினார். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கந்தல் துணியைத் தரையில் இழுத்து ஓடி, நாயைத் துரத்தவிடுவார். அதற்குத் தின்பண்டத்தைவிட அதுதான் பரிசு. எந்த நூலையும் படிக்காமல் அவர் கண்டுபிடித்தது இது. ஆனால் அவர் பணி ஓய்வு பெற்றவர், காலையில் இரண்டு மணி நேரம் அவருக்கு நாய்தான் வேலை. இன்றும் சாலைப் பக்கம் அந்தக் கயிறு இல்லாமல் அவர் அதை விடுவதில்லை, அதுதான் அறிவும்கூட.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. டென்மார்க்கில் 18 பீகிள் நாய்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு நாளும் மற்றதற்கு வாரம் ஐந்து நாளும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த அந்த ஆய்வில், வாரம் ஒரு முறை கற்றவை குறைந்த வகுப்புகளிலேயே பாடத்தை முடித்தன. நாட்கணக்கில் பார்த்தால் ஐந்து நாள் பிரிவுதான் முந்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விட்டது என்று கைவிட்டுவிடத் தேவையில்லை என்பதுதான் இதில் நமக்குப் பயன்படும் செய்தி. வளர்ந்த நாய்க்கு ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், குட்டிக்கு இரண்டு நிமிடம், அதுவும் சாப்பாட்டுக்குச் சற்று முன் என்று வைத்துக்கொண்டால் அலுவலகம் போகிறவராலும் முடியும். அதற்கான தீனியைத் தனியாக வாங்க வேண்டியதும் இல்லை. தட்டில் வைக்கப்போகும் உணவில் ஒரு கைப்பிடி போதும். திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூன்றையும் மட்டும் மறந்தும் கொடுக்கக்கூடாது.

தானே கற்றுக்கொடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் மொழி. தமிழ் வினைச்சொல் ஆளுக்கு ஆள் உருமாறும். அப்பா “உட்காரு” என்பார், பாட்டி “உக்காந்துக்கோடா கண்ணு” என்பார், பிள்ளைகள் “சிட், சிட், சிட்” என்பார்கள். நாய்க்கு இவை மூன்றும் தொடர்பில்லாத மூன்று ஒலிகள். ‘இரு’ என்ற சொல்லின் நிலை இன்னும் மோசம். தொலைபேசியில் “இரு, கூப்பிடறேன்”, அடுப்படியிலிருந்து “இருங்க வரேன்” என்று ஒரு நாளைக்கு நூறு முறை வீட்டில் ஒலிக்கும் சொல்லைக் கட்டளையாக வைத்தால், தொண்ணூற்றெட்டு முறை அதற்குப் பொருளில்லை என்பதைத்தான் நாய் கற்கும். ஆங்கிலச் சொற்களை நம் பயிற்சியாளர்கள் விரும்புவதற்கு மோகத்தைவிட இதுவே நல்ல காரணம். ‘ஸ்டே’ என்று நாம் வேறு யாரிடமும் சொல்வதில்லை. தமிழில்தான் சொல்வேன் என்பவர்கள், வீட்டுப் பேச்சில் அதிகம் அடிபடாத, ஓசையில் ஒன்றுக்கொன்று விலகிய சொற்களாகத் தேர்ந்து, அவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுவது நல்லது. நாங்கள் ‘இரு’வுக்குப் பதில் ‘நில்லு’ வைத்தோம்.

சொல்லோடு எப்போதும் ஒரு கை அசைவையும் சேர்த்துப் பழக்குவது நல்லது, ஏனெனில் நாய்கள் ஒலியைவிட அசைவை எளிதாகப் படிக்கின்றன. வெள்ளை ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. திமிர் பிடித்த நாய் என்று பெயர் வாங்கி அடிவாங்கிய ஒரு ராஜபாளையம், உண்மையில் ஒரு சொல்லும் காதில் விழாத நாய் என்பது மருத்துவர் அதன் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்த பிறகே தெரிந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

எப்போது எதை

வயது இந்தத் தேர்வில் பலரும் நினைப்பதைவிட முக்கியமானது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் ஆகிய இருவரும் செய்து 1965இல் வெளியிட்ட நீண்ட ஆய்வு முதல், குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரையிலான காலமே மனிதரையும் ஓசைகளையும் பிற விலங்குகளையும் அச்சமின்றி ஏற்கும் காலம் என்பது உறுதிப்பட்டிருக்கிறது. “ஆறு மாதம் ஆகட்டும், பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் விடுதிக்காகக் காத்திருந்தால் அந்தக் காலம் கைநழுவிவிடும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழிந்த, ஏழெட்டு வாரக் குட்டிகளையே வகுப்பில் சேர்க்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் பரிந்துரைக்கிறது. நம் ஊர்த் தெருவில் பார்வோ நோய்க் கிருமி எங்கும் இருக்கும் என்பதால், தடுப்பூசி வரிசை முடியும்வரை குட்டியைத் தரையில் விடாமல் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவையும் பேருந்து நிறுத்தத்தையும் காட்டிவருவது இடைப்பட்ட வழி. ஆகவே குட்டிக்கு நாமே ஆசிரியர், அதில் வேறு தேர்வே இல்லை.

நான்கைந்து மாதத்துக்கு மேற்பட்ட, ஆரோக்கியமான, சும்மா அடங்காமல் இருக்கும் நாய் என்றால் வீட்டுக்கு வரும் பயிற்சியாளரை ஆறு முதல் எட்டு வாரம் அமர்த்தி, பிறகு நாமே தொடர்வது போதும். பெருநகரங்களில் குழு வகுப்புகளும் நடக்கின்றன; மற்ற நாய்களைப் பார்த்தால் பதறும் நாய்க்கு ஆரம்பத்தில் அவை வேண்டாம். உறுமுவது, கடிப்பது, உணவுத் தட்டை நெருங்கினால் பாய்வது என்று வந்துவிட்டால் அது கீழ்ப்படிதல் பாடத்தைக் கடந்த விஷயம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதுப் புண்ணோ மூட்டு வலியோ அடியில் இருக்கலாம். அப்படிப்பட்ட நாயை அதட்டி அடக்கித் தருவதாகச் சொல்லும் விடுதியில் விடுவது, உறுமி எச்சரிக்காமல் நேரே கடிக்கும் நாயை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம்.

பயிற்சியாளர் முன்னால் நிற்கப்போவது யார் என்பதையும் முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும். எங்கள் வீட்டில் கட்டணம் கட்டியது நான் என்பதால் முதல் இரண்டு வாரம் நான்தான் நின்றேன், நாயும் எனக்குத்தான் உட்கார்ந்தது. நான் காலை எட்டரைக்கு வெளியே போனால் இரவு எட்டுக்குத்தான் வருவேன். பால்காரருக்கும் கூரியர்காரருக்கும் கேட்டைத் திறப்பது அம்மா. மூன்றாவது வாரத்தில் பயிற்சியாளர் இதைக் கவனித்துவிட்டு, வகுப்பை மாலையிலிருந்து காலை பதினொரு மணிக்கு மாற்றி, கோழித் துண்டுக் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதைத் தொடமாட்டார் என்பதால் கிண்ணத்தில் மறுநாளிலிருந்து பன்னீர் வந்தது. இப்போது கேட் மணி அடித்தால் நாய் ஓடிப்போய் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் முந்தானையைப் பார்க்கிறது, பன்னீர் டப்பா அங்கேதான் செருகியிருக்கும்.